மாமியின் பாஸ்வேர்டும் ஒரு ராகத்தின் பெயரும்

காலை ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு அவனுடைய விமர்சனம் இணையத்தில் ஏறியது. இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், ஐந்தரையிலிருந்து மந்தைவெளியில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் பல்கூடத் தேய்க்காமல் நின்று, அந்தப் பத்திரிகையின் பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு வந்தது. அவன் புகைப்படம் வந்தது. கைத்தறி ஜிப்பா, கன்னத்தில் கை, நமக்கெல்லாம் கேட்காத ஒரு தம்பூரா தனக்கு மட்டும் கேட்கிறது என்கிற பார்வை. பிறகு முதல் பத்தி வந்தது.

'நேற்று மாலை தியாகராய நகரில் கூடியிருந்தவர்களுக்குள் ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கச்சேரியின் உச்சம், பாடகி பல்லவிக்கு எடுத்துக்கொண்ட'

அவ்வளவுதான். அதற்குக் கீழே எழுத்தெல்லாம் பனியில் நனைந்தது போல மங்கிப்போய், மேலே ஒரு பெட்டி மிதந்தது: தொடர்ந்து படிக்கச் சந்தாதாரர் ஆகுங்கள்.

எனக்கு அவன் கட்டுரை வேண்டாம். அவன் ஜிப்பாவும் வேண்டாம். அடுத்த ஒரே ஒரு சொல் போதும். அந்த ராகத்தின் பெயர்.

நானும் விமர்சகன்தான். வருடத்தில் பதினொரு மாதம் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் வெறும் கணக்கு வாத்தியார்; டிசம்பரில் மட்டும் கூடவே ஓர் இணைய இதழுக்குச் சங்கீத விமர்சனம். எங்கள் இதழில் சந்தாப் பெட்டியெல்லாம் மிதக்காது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், அப்படியும் யாரும் படிப்பதில்லை. அவன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். தரமணியில் ஒரு கம்பெனியில் பெரிய வேலை பார்த்து, ஐம்பது வயதில் போதும் என்று எழுந்து வந்து, பெசன்ட் நகரில் கடல் தெரிகிற பால்கனியில் உட்கார்ந்து, நான் எழுத ஆரம்பித்து ஆறு வருடம் கழித்து எழுத ஆரம்பித்தவன். ஆனால் அச்சில் வருகிறான். புகைப்படத்தோடு வருகிறான். என் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் இதழ் சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் தோளும் போட்டிருக்கிறது. காணாமல் போனவர்களுக்குப் போடுவது போல.

சென்ற டிசம்பரில் தேவகாந்தாரியை ஆரபி என்று எழுதிவிட்டேன். ஊருக்கே தெரிந்த குழப்பம், யாருக்கும் வரலாம், ஆனால் விமர்சகனுக்கு வரக்கூடாது. மூன்று நாளைக்கு வாட்ஸ்அப் குழுக்களில் என் கட்டுரை சிவப்பு வட்டம் போட்டுச் சுற்றியது. எங்கள் ஆசிரியர் என்னைவிட இருபது வயது சின்னவர், கோபமே வராதவர். அமைதியாகத்தான் சொன்னார்.

"சார், இன்னொரு தடவை ராகம் தப்பா வந்துதுன்னா, அடுத்த டிசம்பர் நீங்க சபா கேன்டீன் மட்டும் எழுதுங்க. அது நல்லா ஓடுது சார்."

ஆகவே அன்று காலை என்ன நிலைமை என்றால், கட்டுரை எழுதி முடித்தாயிற்று. ராகத்தின் பெயர் வருகிற இடங்களில் மட்டும் கோடு போட்டு விட்டிருந்தேன். மொத்தம் ஏழு கோடு. பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஆனால் எங்கள் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு. ஒன்பதரைக்கு மணி அடிக்கும், அதற்கு முன் ஆசிரியர்களும் கைப்பேசியை அலுவலக அறையில் கொடுத்துவிட வேண்டும். எனக்கு ஒன்பதரைதான் கெடு.

ஒரு விமர்சகனுக்கு ராகம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், என் வழியில். நாங்கள் கத்தோலிக்கர்; எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பல காலம் பாடியவன் நான். ஒவ்வொரு ராகத்தையும் ஒரு கோயில் பாட்டோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். மோகனம் என்றால் குருத்து ஞாயிறு. கல்யாணி என்றால் மணப்பெண் உள்ளே வருகிறாள். சிவரஞ்சனி என்றால் யாரோ இறந்துவிட்டார்கள். இந்த முறையில் முக்கால்வாசி டிசம்பரைத் தாண்டிவிடலாம். மீதிக்கு மாமி இருந்தார்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் தனியாக வசிக்கும் மாமி அவர். எந்தச் சபாவானாலும் இடப்பக்கம் மூன்றாவது வரிசை. மடியில் ஒரு சின்ன நோட்டு. பாடகர் தொண்டையைச் சரிசெய்து முதல் பிடி பிடிப்பதற்குள் நோட்டில் ராகத்தை எழுதிவிடுவார். நான் நான்காவது வரிசையில், அவர் தோளுக்கு நேர் பின்னால். எட்டிப் பார்த்து எழுதிக்கொள்வேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. சில வருடம் கழித்து அவர் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார் என்பதை மட்டும் கவனித்தேன். ஆரபி விவகாரம் நடந்த அன்று மாமிக்குக் காய்ச்சல்.

முந்தைய நாள் மாலை தி. நகரில் என்ன நடந்தது என்றால், மாமி இடப்பக்கம் இல்லை. தேடினேன். வலப்பக்கத்தில், ஜிப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் ஏதோ சொல்ல, இவர் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவனிடம் நீட்டினார். தட்டை. எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு தட்டை வந்ததில்லை. அதற்குப் பிறகு கச்சேரியில் என்ன பாடினார்கள் என்பதே பாதிதான் காதில் விழுந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

பாடகி பல்லவிக்கு எடுத்தது தர்பாரா நாயகியா என்பதுதான் கேள்வி. ஒரே வீட்டு அக்கா தங்கை போல இருக்கும் இரண்டு ராகங்கள். முகத்தை நேராகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், முதுகைப் பார்த்துக் கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோம். முதலில் நாயகி என்று நினைத்தேன். நடுவில் ஓரிடத்தில் சந்தேகமே இல்லாமல் தர்பார் கேட்டது. பிறகு மறுபடி நாயகி. எங்கள் கோயிலில் இரண்டுக்கும் பாட்டு கிடையாது. கீர்த்தனையாக இருந்தால் வரியைத் தட்டித் தேடிப் பிடித்துவிடலாம். பல்லவி வரி அந்தப் பாடகி சொந்தமாகக் கட்டியது. ராகத்தை அறிவிக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. ரசிகர்களே கண்டுபிடிக்கட்டும் என்கிற பெருந்தன்மை. வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம், ஆனால் அதில் அவன் இருக்கிறான்.

"ஒரு வார்த்தைக்கு இவ்ளோ நேரமா ஃபோனைத் தேய்ச்சிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி. அவளும் ஆசிரியைதான், வேறு பள்ளி. "சந்தா கட்டித் தொலைங்களேன்."

"அவன் பேப்பருக்கு என் காசா? உயிரே போனாலும் கட்ட மாட்டேன்."

ஏழு மணிக்குக் கட்டுவது என்று முடிவு செய்தேன். மின்னஞ்சலைத் தட்டினால், உங்களுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்றது. எப்போதோ அவனுடைய முதல் கட்டுரையைப் படிக்கத் திறந்த கணக்கு. கடவுச்சொல் மறந்துவிட்டது. தெரிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். மனைவி பெயர், எங்கள் பங்குக் கோயில் புனிதரின் பெயர், ஸ்கூட்டர் எண். கடைசியில் ஒரு பாதுகாப்புக் கேள்வி கேட்டது: உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன? நாங்கள் எதையும் வளர்த்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நான் என்ன மனநிலையில் இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். பள்ளியில் அவனை நாங்கள் கூப்பிட்ட பட்டப்பெயரைத் தட்டினேன். சரி என்றது. ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த எண்ணுக்கு என்று பார்த்தால், நான் எப்போதோ கைவிட்ட பழைய எண். இப்போது யாரிடம் இருக்கிறதோ, அந்தப் புண்ணியவானுக்குக் காலை வேளையில் ஆறு ஓடிபி போனது. ஏழாவதற்குக் கணக்கை இருபத்து நான்கு மணி நேரம் பூட்டிவிட்டார்கள்.

மனைவியின் மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறக்கப் போனேன். அதற்கும் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, இந்த மாதத்துக்கான இலவசக் கட்டுரைகள் மூன்றையும் படித்துவிட்டீர்கள் என்றது.

"நான் எங்க படிச்சேன்?" என்றாள்.

நான்தான் படித்திருந்தேன். மூன்றும் அவன் எழுதியது. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் தீர்த்திருந்தேன். அதிலேயே சந்தா கட்டப் பார்த்தால், பணம் கட்டும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

எட்டேகால் ஆகியிருந்தது. கேன்டீன் வாசலில் நோட்டோடு நின்று, இன்று ரவா தோசையில் மிளகு தூக்கல் என்று எழுதும் என் எதிர்காலம் கண்முன் வந்தது. அதற்கும் அந்தச் சாம்பல் தலைதான் போடுவார்கள். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. மாமியிடம் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா இருக்கிறது. தினமும் குறுக்கெழுத்து போடுகிறவர்.

நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. அதைப் பிறகு என் மனைவி தெளிவாகவே சொன்னாள். ஆனால் நம்புங்கள், மாமியைத் தொலைபேசியில் அழைக்கும்போது, அவரிடம் ராகத்தையே கேட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். தட்டையை அங்கே கொடுத்தவரிடம் ராகத்தை நான் போய்க் கேட்பதா?

"மாமி, உங்க பேப்பர் பாஸ்வேர்டு கொஞ்சம் வேணும். எங்க பங்குல ஒருத்தர் தவறிட்டார். அறிவிப்பு வந்திருக்காம், பாக்கணும்."

"அடடா. யாரு?"

யாரையாவது கொல்ல வேண்டியிருந்தது. ஏற்கெனவே இறந்துபோன என் பெரியப்பாவை மறுபடி ஒரு தடவை சாகடித்தேன்.

"பெரியப்பாவா? ஐயோ பாவம். உங்காத்துப் பெரியப்பா போனதை நீங்க பேப்பரைப் பார்த்தா தெரிஞ்சுக்கணும்? யாரும் சொல்லலையா?"

"கொஞ்சம் பேச்சுவார்த்தை இல்ல மாமி."

"நான் வேணா படிச்சுச் சொல்லட்டுமா? பேர் சொல்லுங்கோ."

"வேணாம் மாமி, ஃபோட்டோ பாக்கணும்."

"சரி, இருங்கோ. பேரன் சமையலறை காலண்டர்ல எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். கண்ணாடி எங்க வச்சேன்..."

கண்ணாடி கிடைக்க நான்கு நிமிடம். கடவுச்சொல்லை அவர் படிக்க, நான் எழுத, நடுவில் ஒரு நட்சத்திரக் குறியை அவர் ரங்கோலி புள்ளி என்று சொல்ல, அதற்கு மூன்று நிமிடம். உள்ளே போனேன். கதவு திறக்கவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு கருவிகளில்தான் படிக்க முடியும், ஒன்றை நீக்குங்கள் என்றது. பட்டியலும் காட்டியது. ஒன்று, மயிலாப்பூரில் ஒரு டேப்லெட். அது மாமி. இன்னொன்று, பெசன்ட் நகரில் ஒரு கைப்பேசி.

பெசன்ட் நகரில் மாமிக்கு யாரும் கிடையாது. ஜிப்பாவைத் தவிர.

பாஸ்வேர்டுகூட அவனுக்குத்தான் முதலில் போயிருக்கிறது. நீக்கு என்பதை அழுத்தினேன். இவ்வளவு திருப்தியோடு நான் எந்தப் பொத்தானையும் அழுத்தியதில்லை.

கட்டுரை திறந்தது. '…பல்லவிக்கு எடுத்துக்கொண்ட ராகம் என்பதில்.' எடுத்துக்கொண்ட ராகமாம். பெயர் இல்லை. அடுத்த பத்திக்குப் போனேன். 'இந்த ராகத்தின் தயக்கங்களை' என்று ஏதோ ஆரம்பித்தது. திரை வெளுத்தது. வேறொரு கருவி உங்களை நீக்கிவிட்டது என்றது. மறுபடி உள்ளே போய் அவனை நீக்கினேன். மூன்றாம் பத்தி. வெளுத்தது. நீக்கினேன். நான்காம் பத்தியின் பாதியில் தொலைபேசி அடித்தது.

"டேய், மந்தைவெளியில ஒரு பழைய ஃபோன்னு காட்டுது. நீதானே?"

"எது நானு?"

"நடிக்காதடா. மாமி அக்கவுண்ட்ல என்னைத் தூக்கித் தூக்கிப் போடுறியே, எதுக்கு?"

"உன் பேப்பரை நீ எதுக்குடா மாமி பாஸ்வேர்டுல படிக்கிற?"

அவன் பால்கனிக்கு நகர்ந்தான் போல, கடல் காற்று கேட்டது.

"எங்களுக்கெல்லாம் லாகின் தர மாட்டாங்கடா. நான் வெளியாளு. எழுதின எனக்கே சந்தா கட்டுன்னு வருது. எடிட்டிங் டெஸ்க்ல என்ன வெட்டினாங்கன்னு பாக்க வேணாமா?"

அந்த ஒரு விநாடி எனக்கு எவ்வளவு இனித்தது என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில், பாதிரியாரிடம்தான் சொல்ல முடியும். அந்த இனிப்பில் வாய் தவறிவிட்டது.

"ராகத்தோட பேரையா வெட்டிட்டாங்க?"

அவன் குரல் இறங்கியது.

"நான் எழுதவே இல்லடா," என்றான். "தர்பாரா நாயகியான்னு தெரியல."

"மூணு மணி நேரம் மாமி பக்கத்துல உக்காந்து தட்டை தின்னியே, நோட்டைப் பாக்க வேண்டியதுதானே?"

"நோட்டை நேத்துக் கொண்டு வரலடா அவங்க. வாய் விட்டுக் கேட்டா, ஃபோட்டோ போட்டு எழுதுறவனுக்கு இது தெரியலையான்னு நினைக்க மாட்டாங்களா? அது சரி, நீ என்ன எழுதியிருக்க?"

"ஏழு கோடு," என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒன்றையே நினைத்தோம் என்பது, இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் இணைப்பைத் துண்டித்ததிலிருந்து தெரிந்தது. மாமியை அழைத்தேன். நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. மறுபடி அழைத்தேன். அதே நபர், அதே வேறொருவர். மணி எட்டு ஐம்பது.

ஸ்கூட்டரை எடுத்தேன். மந்தைவெளியிலிருந்து குளக்கரைக்கு நான்கு நிமிட வழி. மெட்ரோவுக்குத் தோண்டி வைத்திருந்ததில் பதினோரு நிமிடம். இரண்டாம் மாடிக்கு ஏறியபோது கதவு திறந்தே இருந்தது. மாமி சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் காதில் கைப்பேசியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் துக்கம் விசாரிக்கிற முகமாக மாறியது. எனக்குப் பெரியப்பா மறந்தே போயிருந்தார்.

"அது... வேற ஒருத்தராம் மாமி. ஒரே பேரு."

மாமி தொலைபேசியில், "இருங்கோ, இங்க இன்னொருத்தர் மூச்சு வாங்கிண்டு வந்து நிக்கறார். அவருக்கும் அதேதான் வேணும்போல இருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிடறேன்," என்று ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தார். கடல் காற்று கூடத்துக்குள் வந்தது.

"நாயகி," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கைப்பேசி முந்திக்கொண்டது. "நானும் அப்படித்தான் நினைச்சேன் மாமி. ஆனா நடுவுல..."

"நடுவுல தர்பார் கேட்டுதோ? கேட்டிருக்கும். நாயகி அவசரப்பட மாட்டா, நின்னு நின்னு போவா. அந்தப் பொண்ணு மேல் ஸ்தாயிக்குப் போறச்சே ஒரு வேகத்துல ரெண்டு பிடி தர்பார்ல விழுந்துட்டா. உடனே எழுந்துண்டுட்டா. அது அவ சறுக்கல். உங்க காது தப்பில்ல."

உங்க காது. எங்கள் இருவரில் யார் காது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்.

"ஏன் மாமி நேத்து அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டீங்க?"

"இடப்பக்கம் ஏசி கழுத்துலயே அடிக்கறது சார். நீங்களும் மாறி உக்காரலாமே. தட்டை எடுத்துக்கோங்கோ."

தட்டையை வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று ஏழு கோட்டையும் நாயகியால் நிரப்பினேன். சறுக்கலையும் ஒரு வரி சேர்த்தேன். எழுதலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன். அது தவறாகிவிட்டால் கேன்டீன்தான். ஆனால் நானே என் காதால் கேட்டது அது ஒன்றுதான். பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி அனுப்பினேன். மணி அடித்தது. கைப்பேசியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம், அடுத்தவன் தாளை எட்டிப் பார்க்கிறார்களா என்று பையன்களைக் கண்காணித்தேன்.

பகல் ஒன்றுக்குப் பார்த்தபோது ஆசிரியரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்திருந்தது. கேன்டீன் தப்பியது. வாட்ஸ்அப் குழுக்களில் சிவப்பு வட்டம் எதுவும் இல்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, திருத்தி மேம்படுத்தப்பட்டது என்று ஒரு வரி புதிதாக வந்திருந்தது. என்ன திருத்தினான்? மாமியின் கடவுச்சொல்லைப் போட்டேன், செல்லவில்லை. எங்கள் சண்டையில் ஒரு தடவை அவன் என்னை நீக்குவதாக நினைத்து மாமியின் டேப்லெட்டையே நீக்கியிருக்கிறான். குறுக்கெழுத்து பாதியில் போன கோபத்தில் மாமி பேரனை அழைத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்.

மாலை மாமியே கூப்பிட்டார்.

"ரெண்டும் படிச்சேன் சார்."

"எப்படி மாமி இருந்தது?"

"உங்களது ரொம்பச் சரியா இருந்தது."

நன்றி என்று சொல்லி ஃபோனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "அவனது?"

"அவரது நன்னா இருந்தது," என்றார் மாமி.

அன்று மாலையே ஓராண்டுச் சந்தா கட்டினேன். மனைவியின் கணக்கில். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே தன் கைப்பேசிக்கு வந்த ஓடிபியைத் தலை நிமிராமல் படித்துச் சொன்னாள். பக்கம் திறந்தது. என் கட்டுரையில் நான் எழுதியிருந்தது இது: 'மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் தர்பாரின் சாயல் தென்பட்டது, தவிர்த்திருக்கலாம்.' அவன் எழுதியிருந்தது இது: 'நாயகியின் வீட்டு வாசலில் ஒரு கணம் தர்பார் வந்து நின்றது. யாரும் உள்ளே கூப்பிடுவதற்குள், தவறான வீடு என்று தெரிந்து, செருப்பைக் கழற்றாமலேயே திரும்பிப் போய்விட்டது.'

மூன்று தடவை படித்தேன். செருப்பு எங்கிருந்து வந்தது அவனுக்கு என்று புரியவில்லை. நானும் கேட்ட அதே இரண்டு பிடிதானே.

"என்ன எழுதியிருக்கார் உங்க ஃப்ரெண்டு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. வளவளன்னு."

அவள் மறுபடி விடைத்தாளுக்குள் போன பிறகு, மேஜையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வரியை எழுதி வைத்துக்கொண்டேன்.